மேசைக்கு வராத நோயாளி

1919 அக்டோபரில் ஓர் இரவு, நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டல் உலையில் ஒரு பட்டியலைப் போட்டு எரித்தார்கள். எரித்தவர்கள் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் பொறுப்பாளர்கள். நூறு படுக்கையும் அதற்கு மேலும் உள்ள 692 ஆஸ்பத்திரிகளை அவர்கள் ஆய்வு செய்து முடித்திருந்தார்கள். கேட்ட கேள்விகள் ஒன்றும் கடினமானவை இல்லை. நோயாளிக்கு கேஸ் ஷீட் எழுதுகிறீர்களா? லேப் இருக்கிறதா, எக்ஸ்ரே இருக்கிறதா? மருத்துவர்கள் மாதம் ஒருமுறையாவது கூடி, தங்கள் நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று பேசுகிறார்களா? 692ல் தேறியவை 89. தேறாதவற்றில் நாடறிந்த பெரிய ஆஸ்பத்திரிகளும் இருந்தன. பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்க, எண்ணிக்கையை மட்டும் அறிவித்துவிட்டுப் பெயர்களைத் தீக்குக் கொடுத்தார்கள்.

அந்த ஆய்வுக்கு வித்திட்டவர் பாஸ்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் கோட்மன் என்ற அறுவை மருத்துவர். 1890களில் மருத்துவ மாணவராக இருந்தபோது, பின்னாளில் மூளை அறுவைக்குப் பேர்போன ஹார்வி குஷிங்கும் இவரும் நோயாளிகளுக்கு ஈதர் கொடுத்து மயக்கும் வேலையில் இருந்தார்கள். யார் நன்றாக மயக்குகிறார் என்று இருவருக்கும் பந்தயம். தோற்றவர் விருந்து வைக்க வேண்டும். ஜெயித்தது யார் என்று தெரிய வேண்டுமானால் நாடித்துடிப்பை எழுதி வைத்தாக வேண்டும் அல்லவா? மயக்க மருந்துக் குறிப்பேடு என்று இன்று உலகெங்கும் இருக்கும் தாளுக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

கோட்மனுக்கு அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்விதான். ஆபரேஷன் செய்து அனுப்பிவிட்டோமே, அந்த ஆள் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்? குணமாகவில்லை என்றால் ஏன்? ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு, கடைசி விளைவு வரை பின்தொடர்ந்து, அதை ஊரறிய வெளியிட வேண்டும் என்றார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணி மூப்பின்படிதான் பதவி உயர்வு. அதை எதிர்த்து 1914ல் வேலையை விட்டார். கையோடு தலைமை அறுவை மருத்துவர் பதவிக்கு விண்ணப்பமும் போட்டார், என் நோயாளிகளின் விளைவுகள் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருக்கின்றன என்று சொல்லி. அடுத்த ஆண்டு ஒரு மருத்துவக் கூட்டத்தில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்து வைத்தார். பாஸ்டனின் பணக்காரப் பொதுமக்கள் தீக்கோழியாகத் தலையை மணலில் புதைத்துக்கொண்டு, காலால் தங்க முட்டைகளை மருத்துவர்கள் பக்கம் தள்ளுகிறார்கள். கூட்டம் ரகளையில் முடிந்தது. உள்ளூர் மருத்துவச் சங்கப் பொறுப்பும் போயிற்று.

பேசியதைச் செய்தும் காட்டினார் மனிதர். 1911ல் சொந்தமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 பேரில் 123 தவறுகள் நடந்ததாக அவரே அச்சிட்டு மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார். அறிவோ கைத்திறனோ போதாமல் நடந்தது, முடிவெடுத்ததில் பிசகியது, நோயைக் கண்டுபிடிக்காமல் விட்டது, கவனிப்பும் கருவியும் சரியில்லாமல் போனது என்று வகை பிரித்து. எவராலும் தடுத்திருக்க முடியாத இடர்களுக்குத் தனிக் கணக்கு. வருமானம் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சில ஆண்டுகளில் ஆஸ்பத்திரியை மூடினார்.

ஆஸ்பத்திரியை அளப்பது நல்லது என்பதில் கோட்மனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எனக்கும் பெரும்பாலும் இல்லை. ஆனால் எதை எதால் வகுக்கிறோம் என்ற கேள்வி அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே எழுந்து, பெரிய மனிதர்களையே தடுக்கி விழ வைத்திருக்கிறது.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய சீமாட்டியாகப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். புள்ளிவிவரம்தான் அவருடைய உண்மையான ஆயுதம். மருத்துவமனைகளைப் பற்றி அவர் எழுதிய நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளர் தந்த ஓர் அட்டவணை இருக்கிறது. லண்டனின் 24 ஆஸ்பத்திரிகளில் மரண விகிதம் 90.84 சதவீதம்! உள்ளே போன நூறு பேரில் ஒன்பது பேர்தான் உயிரோடு வெளியே வந்தார்களா? மருத்துவப் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. ஃபார் செய்தது இவ்வளவுதான்: 1861ல் ஒரு குறிப்பிட்ட நாளில் படுக்கையில் இருந்தவர்கள் 4,214 பேர், ஆண்டு முழுவதும் இறந்தவர்கள் 3,828 பேர், பின்னதை முன்னதால் வகுத்துவிட்டார். ஒரு படுக்கையில் ஆண்டுக்குப் பத்து நோயாளிகள் மாறுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு, சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அதே மரணங்கள் ஒன்பது சதவீதமாகச் சுருங்கிவிடும். சீக்கிரம் குணப்படுத்தி அனுப்பிப் படுக்கையைக் காலி செய்யும் ஆஸ்பத்திரிதான் ஃபாரின் கணக்கில் கொலைகாரனாகத் தெரியும்.

வகுத்ததில் இப்படி ஆனாலும், அந்த நூலிலேயே நைட்டிங்கேல் மிகக் கூர்மையான ஒன்றைச் சொல்லியிருக்கிறார். பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவுடன் வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் சில ஆஸ்பத்திரிகளில் அதிகம். அப்படிப் போய் உடனே இறப்பவர்கள் எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் வருவதில்லை. ஆகவே மரண எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆஸ்பத்திரிகளை ஒப்பிடுவது ஏமாற்றும். இதை எழுதி 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

கோட்மனின் கனவு பெரிய அளவில் நனவானது 1989ல், நியூயார்க் மாநிலத்தில். இதய பைபாஸ் அறுவை நடக்கும் 30 ஆஸ்பத்திரிகளும் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அரசுக்கு விவரம் தர வேண்டும் என்று மாநில சுகாதாரத் துறை ஏற்பாடு செய்தது. வயது என்ன, இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்கி விரிகிறது, சிறுநீரகம் வேலை செய்கிறதா, சர்க்கரை உண்டா, ஏற்கனவே நெஞ்சைத் திறந்திருக்கிறார்களா என்பது போன்ற விவரங்கள். இத்தனையும் எதற்கு? கடினமான நோயாளியை எடுப்பவர் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்கு.

அந்தக் கணக்கு அழகானது. ஒரு மருத்துவர் நூறு பேருக்கு அறுவை செய்கிறார், நால்வர் இறக்கிறார்கள். இன்னொருவர் கையில் நூற்றுக்கு இருவர். இரண்டாமவரிடம்தானே போவோம்? இப்போது நோயாளிகளின் நிலையைப் பாருங்கள். முதலாமவரிடம் வந்தவர்களின் வயதையும் நோயையும் வைத்துக் கணித்தால், மாநிலத்தின் சராசரி மருத்துவர் கையில் அவர்களில் ஆறு பேர் இறந்திருப்பார்கள். இரண்டாமவரிடம் வந்தவர்களில் ஒருவர்தான். நடந்ததை எதிர்பார்த்ததால் வகுத்து, மாநில சராசரியால் பெருக்க வேண்டும். சராசரி மூன்று சதவீதம் என்றால் முதலாமவரின் விகிதம் 2, இரண்டாமவருடையது 6. தரவரிசை தலைகீழாகிவிட்டது.

அரசு முதலில் ஆஸ்பத்திரிகளின் பெயரை மட்டும்தான் வெளியிட்டது. 'நியூஸ்டே' நாளிதழ் வழக்குப் போட்டு, 1991ல் மருத்துவர்களின் பெயரோடு பட்டியலை வாங்கி அச்சிட்டது. 1989ல் 4.17 சதவீதமாக இருந்த, நோயின் கடுமைக்கு ஏற்பச் சரிசெய்த மரண விகிதம் 1992ல் 2.45க்கு இறங்கியது. குறைந்த எண்ணிக்கையில் அறுவை செய்துகொண்டிருந்த 27 மருத்துவர்கள் பைபாஸ் செய்வதையே நிறுத்தினார்கள். அவர்கள் கையில் மரணம் 11.9 சதவீதமாக இருந்தது. பார்த்தவுடன் கோட்மனுக்குச் சிலை வைக்கத் தோன்றும்.

சிலைக்குக் கல் எடுக்குமுன் ஒரு சின்னக் கணக்கு. எல்லா விதத்திலும் சம திறமை கொண்ட நூறு மருத்துவர்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் கையிலும் மரண வாய்ப்பு சரியாக 2 சதவீதம். ஆளுக்கு நூறு அறுவை. என்ன நடக்கும்? எல்லோருக்கும் இரண்டிரண்டு மரணம் வராது. சுமார் 13 மருத்துவர்களின் கையில் ஒருவர்கூட இறக்க மாட்டார். சுமார் 14 பேரின் கையில் நான்கோ அதற்கு மேலோ இறப்பார்கள். திறமையில் நூலளவு வேறுபாடு இல்லை, வெறும் தற்செயல். பத்திரிகை முதல் 13 பேரைக் கைராசிக்காரர்கள் என்று எழுதும். கடைசி 14 பேரின் வீட்டில் அன்றிரவு யாரும் சாப்பிட மாட்டார்கள். அடுத்த ஆண்டு பட்டியல் கலைந்து வேறு பெயர்கள் வரும். இதை உணர்ந்துதான் நியூயார்க் பின்னர் மூன்றாண்டுக் கணக்கைச் சேர்த்து, அந்த மூன்றாண்டில் 200 அறுவையாவது செய்தவர்களின் பெயரை மட்டும் வெளியிடும் முறைக்கு வந்தது. இரைச்சல் குறைந்தது, நின்றுவிடவில்லை.

அடுத்தது எழுதுகோல் விளையாட்டு. நோயாளி எவ்வளவு மோசமான நிலையில் வந்தார் என்று எழுதித் தருவது யார்? அதே ஆஸ்பத்திரிதான். 1989க்கும் 1991க்கும் இடையில் நியூயார்க்கின் பைபாஸ் நோயாளிகளில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதாகப் பதிவானவர்கள் 6.9 சதவீதத்திலிருந்து 17.4 சதவீதமாக ஏறினார்கள். இதயச் செயலிழப்பு 1.7லிருந்து 7.6க்குப் போனது. இரண்டே ஆண்டில் ஒரு மாநிலத்தின் நெஞ்சாங்கூடே இப்படிக் கெட்டுப்போகுமா? முன்பு எழுதாமல் விட்டதை இப்போது ஒழுங்காக எழுதினார்கள் என்பது ஒரு பகுதி. தாராளமாக எழுதினார்கள் என்பது மறு பகுதி. எதிர்பார்த்த மரணம் கூடினால், நடந்த மரணம் அப்படியே இருந்தாலும் விகிதம் இறங்கிவிடும். இறங்கிய மரண விகிதத்தில் கணிசமான பங்கு இந்தக் காகித இறக்கம்தான் என்று 1995ல் ஓர் ஆய்வுக் கட்டுரை காட்டியது.

காகிதத்தில் நடப்பதை மன்னித்துவிடலாம். அதனால் யாரும் சாவதில்லை.

மூன்றாவது விஷயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. மாரடைப்பு வந்து, இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் துவண்டு, ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கிய நிலையில் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். கை கால் ஜில்லிட்டிருக்கிறது, சிறுநீர் இறங்கவில்லை, நினைவு தப்பித் தப்பி வருகிறது. மருத்துவத்தில் இதை கார்டியோஜெனிக் ஷாக் என்பார்கள். உடனே அடைப்பைத் திறக்கலாமா, மருந்து கொடுத்துத் தேற்றிப் பார்க்கலாமா? 1999ல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற பரிசோதனை இந்தக் கேள்விக்கு விடை தேடியது. விரைந்து அடைப்பைத் திறந்தவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 50. முதலில் மருந்தால் தேற்ற முயன்றவர்களில் 63. ஆக, திறந்தால் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். இதயச் சிகிச்சையில் இவ்வளவு பெரிய லாபம் அபூர்வம்.

இப்போது பெயர்ப் பட்டியல் இருக்கும் ஊரில், இரவு இரண்டு மணிக்கு எழுப்பப்பட்ட மருத்துவரின் இடத்திலிருந்து பாருங்கள். மேசையில் ஏற்றினால் இறக்கப்போகும் அந்த 50 பேரும் அவர் பெயரில் எழுதப்படுவார்கள். ஏற்றாமல் விட்டால் இறக்கப்போகும் 63 பேர் ஒருவர் பெயரிலும் ஏற மாட்டார்கள். அவர்கள் மாரடைப்பில் இறந்தவர்கள், அவ்வளவுதான். கடுமைக்கு ஏற்ற கணக்கு அவரைக் காப்பாற்றும் என்று அரசு சொல்கிறது. ஆனால் சூத்திரம் சராசரியான நோயாளிக்குத்தான் நன்றாகப் பொருந்தும். ஓரத்தில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று மருத்துவருக்கு நம்பிக்கை இல்லை. 'இவர் தாங்க மாட்டார்' என்ற வாக்கியம் வாயில் வருவதற்கு அதிக நேரம் பிடிக்காது. அதைச் சொல்பவர் தன்னை ஒரு கணமும் கெட்டவராக நினைக்கப்போவதில்லை.

நம் ஊரில் பத்தாம் வகுப்பில் நூறு சதவீத ரிசல்ட் காட்டும் பள்ளிகளை நமக்குத் தெரியும். தேறாது என்று தோன்றும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே டிசி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாசல் பேனரில் இருக்கும் 100, உள்ளே கற்பித்ததைப் பற்றிச் சொல்வதைவிடக் கேட்டில் நடந்ததைப் பற்றி அதிகம் சொல்கிறது.

பென்சில்வேனியாவும் நியூயார்க்கைப் பின்பற்றிப் பட்டியல் போட்டது. அங்கே மருத்துவர்களையே கேட்டு 1996ல் வெளியான ஆய்வில், மிக மோசமான நோயாளிகளை எடுக்க முன்புபோல் மனம் வருவதில்லை என்று 63 சதவீத அறுவை மருத்துவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்களை எடுக்க ஆள் கிடைப்பது கடினமாகிவிட்டது என்றார்கள் 59 சதவீத இதய மருத்துவர்கள். 2005ல் நியூயார்க்கில் ஸ்டென்ட் வைக்கும் மருத்துவர்களைக் கேட்டபோது, பட்டியல் தங்கள் முடிவைப் பாதிக்கிறது என்றவர்கள் 79 சதவீதம். 2003ல் நான்கு பொருளியலாளர்கள் இரு மாநிலங்களின் கணக்கையும் பிற மாநிலங்களோடு ஒப்பிட்டார்கள். அறுவைக்குள் வந்த நோயாளிகள் முன்பைவிட ஆரோக்கியமானவர்களாக இருந்தார்கள். வெளியே விடப்பட்ட கடுமையான நோயாளிகளின் கதி மோசமாகியிருந்தது என்பது அவர்கள் முடிவு.

உடனே பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடலாமா? எதிர்ச்சாட்சியும் வலுவானது. நியூயார்க் முதியவர்கள் பைபாஸுக்காக வேறு மாநிலங்களுக்கு ஓடியதாகத் தெரியவில்லை, அவர்களுக்கு வாசல் அடைபடவும் இல்லை என்று 1998ல் வேறொரு குழு கண்டது. இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் மருத்துவர் பெயரோடு கணக்கு வெளியான பிறகும் கடினமான நோயாளிகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. அங்கே ஆஸ்பத்திரி அரசுடையது. நோயாளியைத் தள்ளிவிடுவதால் யாருக்கும் வியாபாரம் பெருகாது. அதே அளவுகோல் சந்தையில் ஒரு மாதிரியும், சம்பள உத்தியோகத்தில் வேறு மாதிரியும் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். எண்ணை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது. அது வளரும் மண்ணும் கூடவே வேண்டும்.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கிலாந்தே சாட்சி. பிரிஸ்டல் நகரின் அரச மருத்துவமனையில் பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு அறுவை நடந்துவந்தது. 1988ல் மயக்க மருத்துவராக அங்கே சேர்ந்த ஸ்டீபன் போல்சினுக்கு, பிள்ளைகள் அதிகம் இறப்பதாகப் பட்டது. தானே எண்ணத் தொடங்கினார். மேலிடத்தில் சொன்னார். காதில் விழவில்லை. கடைசியில் அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். 2001ல் வெளியான விசாரணை அறிக்கையின்படி, 1991க்கும் 1995க்கும் இடையில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், இதுபோன்ற பிற இடங்களில் எதிர்பார்ப்பதைவிட 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். விவரங்கள் இல்லாமல் போகவில்லை. குவியலாக இருந்தன. அவற்றைப் படித்துப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

படித்துப் பார்த்தால் என்ன நடக்கும்? ஆல்பனி நகரின் செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனை நியூயார்க் பட்டியலில் மோசமான இடத்தில் வந்தது. முதலில் எல்லோரையும்போல அவர்களும் சூத்திரத்தைத்தான் சந்தேகித்தார்கள். பிறகு தங்கள் கேஸ் ஷீட்களை வகை வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். திட்டமிட்டுச் செய்த அறுவைகளில் குறையில்லை. ஓட்டை இருந்தது ஓரிடத்தில்: மாரடைப்போடு வந்து அவசரமாக ஏற்றப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இறந்திருந்தார். 1992ல் அப்படி 42 பேர், இறந்தவர்கள் 11. மருத்துவர்களின் கை மோசமில்லை, பதற்றம்தான் மோசம். வந்தவரை அப்படியே அள்ளிக்கொண்டு தியேட்டருக்கு ஓடியிருக்கிறார்கள். அதை மாற்றி, முதலில் மருந்தாலும், தொடையிலிருந்து மகாதமனிக்குள் செலுத்தி இதயத்துக்குக் கைகொடுக்கும் பலூன் பம்ப்பாலும் நிலைப்படுத்திவிட்டு, பிறகு ஏற்றினார்கள். அடுத்த ஆண்டு அதே வகையில் 54 பேர் வந்தார்கள். ஒருவரும் இறக்கவில்லை. யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை, புதுக் கட்டடம் கட்டவில்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் இல்லை. எண்ணிக்கை கூடியிருப்பதைக் கவனியுங்கள்.

பட்டியலைப் பார்த்து நோயாளிகள் நல்ல ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பார்கள், அதனால் மோசமானவை திருந்தும் என்பதுதான் சீர்திருத்தக்காரர்கள் சொன்ன நியாயம். பென்சில்வேனியாவில் பைபாஸ் செய்துகொண்டவர்களைக் கேட்டபோது, அறுவைக்கு முன் அப்படி ஒரு கையேடு இருப்பதே தெரிந்தவர்கள் 12 சதவீதம். தன் மருத்துவரின் மதிப்பீடு இன்னதென்று சரியாகத் தெரிந்து, அதைப் பொருட்படுத்தியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2004ல் முன்னாள் அதிபர் பில் கிளின்டனுக்கு நியூயார்க்கில் பைபாஸ் செய்த ஆஸ்பத்திரியின் மரண விகிதம், அப்போதைய மாநிலப் பட்டியலின்படி சராசரியைவிடக் கணிசமாக உயர்ந்தது. உலகத்தின் எந்த ஆலோசகரையும் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய மனிதர் அவர்! நெஞ்சு வலிக்கும்போது யாரும் அட்டவணை புரட்டுவதில்லை. நம்பிய மருத்துவர் எங்கே போகச் சொல்கிறாரோ அங்கே போகிறோம். எண்களுக்குப் பயந்தவர்கள் நோயாளிகளைவிட மருத்துவர்கள்தான்.

2006ல் நியூயார்க் ஒரு படி இறங்கி வந்தது. ஷாக் நிலையில் வருபவர்களுக்கு அடைப்பு நீக்கினால், அந்த விளைவை வெளியிடும் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்றது. அதன் பிறகு அத்தகையவர்களுக்குச் சிகிச்சை கிடைப்பது கூடியது. வேண்டியதுதான். கூடவே வேறொரு கேள்வியும் வருகிறது: கணக்கிலிருந்து விலக்கப்பட்டவர்களை யாராவது கவனக்குறைவால் கொன்றால், அது எங்கே தெரியும்?

இந்தச் சிக்கலின் வேர், மரணத்தை ஆஸ்பத்திரிவாரியாக எண்ணுவதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பார்க்க பைபாஸ்வரை போக வேண்டாம், பிரசவ வார்டு போதும். தனியார் நர்சிங் ஹோமில் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. கைமீறியது தெரிந்ததும், 'மேல் சிகிச்சைக்கு' என்று ஒரு சீட்டு எழுதி, 108ல் ஏற்றி, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பிவிடுகிறார்கள். அங்கே வந்து ஒரு மணி நேரத்தில் உயிர் போகிறது. நர்சிங் ஹோமின் ஏட்டில் மரணம் பூஜ்யம். ஜி.எச்.சின் ஏட்டில் ஒன்று. 'ஜி.எச்.சுக்குப் போனா பொணமாத்தான் வருவாங்க' என்று ஊரில் சொல்பவர்கள், அங்கே எந்த நிலையில் கொண்டுபோய் இறக்கினார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு இங்கே ஒரு மாற்று வழி பல ஆண்டுகளாக இருக்கிறது, அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. பிரசவ கால மரணம் ஒவ்வொன்றையும், வீட்டில் நடந்தாலும் ஆம்புலன்ஸில் நடந்தாலும் தனியாரில் நடந்தாலும், ஒன்றுவிடாமல் எண்ணித் தணிக்கை செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் 1990களிலிருந்தே வளர்ந்து வந்தது. 2010ல் நாடு முழுவதற்குமான வழிகாட்டு நெறிகளும் வந்தன. வகுக்கும் எண் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இல்லை. அந்த மக்கள்தொகையில் பிறந்த குழந்தைகள். கேட்டில் யாரைத் தடுத்தாலும் எண் மாறாது. மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2004-06ல் 111 தாய்மார்கள் தமிழ்நாட்டில் இறந்தார்கள், 2018-20ல் 54. தணிக்கை மட்டுமே இதைச் செய்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்நேரமும் பிரசவம், ரத்த வங்கி, 108 என்று எத்தனையோ சேர்ந்து செய்தவை. எங்கே ரத்தம் இல்லை, எந்தச் சாலையில் வண்டி தாமதம் என்று காட்டிக்கொடுத்ததில் தணிக்கைக்குப் பங்குண்டு.

தணிக்கை நடக்கும் விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆஸ்பத்திரி தரும் அறிக்கையோடு நிற்பதில்லை. சுகாதாரப் பணியாளர்கள் இறந்தவரின் வீட்டுக்கே போய்க் கேட்கிறார்கள்: வலி எப்போது வந்தது, முதலில் எங்கே போனீர்கள், அங்கே என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு அனுப்பினார்கள், அடுத்த இடத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள். பிறகு கலெக்டர் தலைமையில் கூட்டம். குடும்பத்தாரையும் அழைக்க வேண்டும் என்பது நெறி. மூன்று இடங்களின் கேஸ் ஷீட்களையும் மாமியாரோ கணவரோ சொல்லும் நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தனித்தனியாக ஒவ்வொரு இடமும் சரியாகவே நடந்துகொண்டதாக இருக்கும். இரண்டு இடங்களுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் மட்டும் ஒருவர் கணக்கிலும் இல்லாமல் கிடக்கும்.

இந்தத் தணிக்கை யாரையும் தண்டிப்பதற்கில்லை என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கூட்டத்தில் மெமோ பறந்தால் என்ன ஆகும் என்று நியூயார்க் மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு கலெக்டருக்கு இது புரிந்திருக்கும், இன்னொருவருக்குப் புரிந்திருக்காது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் கேஸ் ஷீட்களில், நேரம் எழுதும் கட்டங்களைப் பார்த்தாலே எந்த மாவட்டம் எப்படி என்று தெரிந்துவிடும்.